எந்த அங்கிளுக்கு அழுவது?

பெரியப்பாவுக்கு இங்கிலீஷில் அங்கிள் என்று பெயர். சித்தப்பாவுக்கும் அதே பெயர். தாய்மாமனுக்கும் அதுவேதான். பாதி உலகத்தைக் கட்டி ஆளுகிற ஓர் இனம், இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பி நான் ஒரு முறை பினாங்கிலிருந்து ஆம்பூர் வரை பயணம் செய்தேன். துக்கத்துக்குப் போனேன். யாருடைய துக்கம் என்று தெரியாமல் போனேன்.

இப்போது வேலூரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்த மனுவுக்கு எங்கே கையெழுத்துப் போடவேண்டும், எந்த ஆபீஸில் எந்த மேஜையில் முதலில் கும்பிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் "கடல் அமைதியாக இருந்தது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கடல் அமைதியாகவும் இல்லை.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பினாங்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஓர் ஆபீஸில் நான் தலைமை குமாஸ்தா. ஒரு நாள் காலை தந்தி வந்தது: "அங்கிள் எக்ஸ்பயர்ட். ஸ்டார்ட் அட் ஒன்ஸ். முனுசாமி."

முனுசாமி என் சித்தப்பா மகன். எங்கள் குடும்பத்தில் ஊரோடு இருப்பவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். யார் செத்தாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும் அவன்தான் தந்தி கொடுப்பான். ஆகவே கையெழுத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு மூன்று அங்கிள்கள். பெரியப்பா பேரணாம்பட்டில் ஆவாரம்பட்டை வியாபாரி. தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும் என்பதால் சுற்றுவட்டாரத்துத் தோல் ஷாப்புகளெல்லாம் அவரிடம் வாங்கின. குரல் பெரிது, கை இறுக்கம். சித்தப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. சண்டைக்காரர். ஊரில் அவரோடு பேசுகிறவர்களைவிடப் பேசாதவர்கள் ஜாஸ்தி. நான் கப்பலேறின அன்றைக்கு, "தோலைத் தொடக் கை கூசுது, தொரைக்குப் பேனா சீவப் போறான்" என்று தெருவே கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து நானும் பேசாதவர்கள் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டேன்.

மூன்றாமவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆம்பூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. வீடு சித்தப்பா வீட்டுக்கு நேர் எதிரே. அப்பா என் சின்ன வயசிலேயே போய்விட்டார். அதற்கப்புறம் எனக்குச் சட்டை எடுத்ததும், பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியதும், பரீட்சையில் தவறினபோது அடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதும் மாமாதான். அம்மா இறந்த செய்தி எனக்குக் கடுதாசியில்தான் வந்தது. கடுதாசி வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்துவிட்டது. அன்றைக்கு மாதக் கடைசி. கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய் அழுதேன். வெளிநாட்டு உத்தியோகத்தில் துக்கத்துக்கும் முறைதான் வரும்; வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த முறை கருமாதிக்காவது போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதே நிமிஷத்தில் என் மனசு இன்னொரு காரியமும் செய்தது. மாமாவாக இருக்கக் கூடாது, பெரியப்பாவாக இருக்கட்டும் என்று மேலிடத்துக்குப் பணிவான சிபாரிசு ஒன்றை அனுப்பியது. இருபது வருஷம் ஆபீஸில் இருந்தவனுக்குச் சிபாரிசு தன்னால் வரும்.

துரையிடம் லீவு கேட்டேன். நல்ல மனுஷர். இங்கிலீஷில் நடந்த பேச்சைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"இறந்தது யார்?"

"என் அங்கிள், ஐயா."

"தகப்பன் வழியா, தாய் வழியா?"

"அது விசாரணையில் இருக்கிறது, ஐயா."

துரை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, விதிப்படி அங்கிள் நெருங்கிய உறவில் சேராது என்று நினைவூட்டினார். எனக்கு அது தெரியும். முந்தின வருஷம் வேறொரு குமாஸ்தாவுக்கு லீவு மறுத்து அந்தக் குறிப்பை எழுதியவனே நான்தான். துரை அதை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். நல்ல நடை. மறுத்துப் பேச ஓர் இடம்கூட வைக்கவில்லை. கடைசியில் சேர்த்து வைத்திருந்த சொந்த லீவை எடுத்துக்கொண்டு, மனைவி மக்களைப் பினாங்கிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினேன்.

பதில் தந்தி கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். "எந்த அங்கிள்?" என்றுதான் எழுத வந்தது. சாவு வீட்டுக்கு வரும் தந்தியை எங்கள் தெருவில் நடுவில் நின்று சத்தமாகப் படித்து அர்த்தமும் சொல்வார்கள். பிணம் போன வீட்டு வாசலில் "யாரு செத்ததுன்னு கேக்கறான்" என்று அறிவிப்பு ஆவதைவிட ஒன்றும் தெரியாமலே போவது மேல். தவிர, கப்பல் மறுநாளே கிளம்புகிறது.

கப்பலில் திறந்த மேல்தளத்தில் பிரயாணம். படுக்க ஒரு பாய் அகலம் இடம். சமையல்காரர் சோற்றைப் பாதியில் இறக்கிவிடுவார். மீதி நம் வயிற்றில் வேக வேண்டும். பருப்புத் தண்ணீரில் பருப்பைத் தேடினேன். கருவாட்டைத் துக்கத்தை முன்னிட்டு ஒதுக்கினேன். இரண்டாம் நாள் துக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கருவாட்டைச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் கடல் பொங்கியது, இரண்டையும் கடலுக்கே கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்துப் பாயில் தோட்டத்து வேலை முடிந்து தஞ்சாவூர்ப் பக்கம் திரும்புகிற ஓர் அம்மாள். வாயில் எப்போதும் புகையிலை. நான் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து, "கடல் பித்தமா தம்பி, மனுஷத் துக்கமா?" என்று கேட்டாள்.

"துக்கந்தான்."

"அப்படின்னா மனசுல வச்சிக்காதே. நான் ஒப்பாரி பாடுறவ. எங்க ஊருல நான் பாடாம பொணம் நகராது. சொல்லு, பாடித் தரேன், நீ பாட்டுக்கு அழுது தீத்துக்க. யாரு போனது?"

"அங்கிள்."

"அப்படி ஒரு மொற இல்லியே. மாமனா, சித்தப்பனா, பெரியப்பனா? மாமனுக்கு ஒரு வரிசை, பெரியப்பனுக்கு ஒரு வரிசை. மாத்திப் பாடிட்டா போன ஆத்துமா திரும்பிப் பாக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க வேற வேணுமா?" என்று அவள் அடுத்த பாயில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்கக் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் முறைப்படி விஷயத்தை ஆராய்ந்தேன். தந்தி கொடுத்தவன் முனுசாமி. செத்தது சித்தப்பாவாக இருந்தால் அது அவனுடைய சொந்த அப்பா. "ஃபாதர்" என்றுதான் எழுதியிருப்பான். எழுதவில்லை. ஆகவே சித்தப்பா இல்லை. மிச்சம் பெரியப்பாவும் மாமாவும். பெரியப்பாவுக்கு வயசு அதிகம், மூச்சிரைப்பும் உண்டு. மாமா கல் மாதிரி இருந்தவர். ஆகவே பெரியப்பா. காரணம், ஆதாரம், முடிவு எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டன. மனசில் இருந்த ஆசையும் அந்த முடிவும் ஒன்றாகவே இருந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாளிடம் போய், "பெரியப்பா" என்றேன். அவள் புகையிலையைத் துப்பிவிட்டு, தலையை விரித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பெரியப்பா எனக்கு ஜென்மத்தில் வாங்கித் தராத குதிரையையும் பட்டு வேட்டியையும் அவள் குரலில் கேட்டபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அழுதேன். கூடவே நாலைந்து பேர் அழுதார்கள். ஒருவருக்கும் பெரியப்பாவைத் தெரியாது.

சென்னையில் இறங்கினதும் சுங்கத்தில் தாமதம். பெட்டியை மேலாகத் தொட்டுப் பார்த்து, போகலாம் என்றார் அங்கே இருந்தவர். நான் சும்மா போயிருக்கலாம். "பிரயாணியின் சாமான்களைச் சோதிக்க வேண்டிய முறை இப்படி அல்லவே" என்றேன். பினாங்கில் எப்படிச் செய்கிறோம் என்றும் விளக்கினேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நான் சொன்னபடியே, வேட்டி ஒவ்வொன்றையும் உதறி, குடையை விரித்து, சவரப் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் சோதித்தார். காலை ரயில் போய்விட்டது. அடுத்தது ராத்திரி ரயில்; அதுவரை ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்து துக்கத்துக்குப் பொருத்தமாக இரண்டு இட்லி மட்டும் கேட்டேன். பினாங்கில் இட்லி என்ற பெயரில் ஒரு பண்டம் கிடைக்கும். அதைச் சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் சேதம். இங்கே இரண்டும் தொண்டையில் தெரியாமலே போய்விட்டன. பிறகு எத்தனை கேட்டேன் என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

ரயிலில் எனக்கு எதிரே மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி ஒருவர். வெள்ளைத் தாடி, கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். எனக்கும் நீட்டினார்.

"பேஜாரா இருக்கீங்களே தம்பி. வீட்ல யாராச்சும் மௌத்தா?"

"ஆமாம், சாயபு. அங்கிள்."

"அங்கிள்னா? சாச்சாவா, மாமுவா?"

"பெரியப்பான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?" அவர் பழம் எடுத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். நான் வேறு வழியில்லாமல் தந்தி விஷயத்தைச் சொன்னேன். முழுப் பயணத்திலும் நான் உண்மையைச் சொன்னது அவர் ஒருவரிடம்தான். அந்நியரிடம் சொல்வதில் ஆபத்தில்லை. அவர் பக்கத்தில் இருந்த தம் தோஸ்திடம் உருதுவில் என்னவோ சொன்னார். தோஸ்த் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"எங்க வீட்லயே அந்த வகையில அஞ்சு தினுசு இருக்குது தம்பி. ஒருத்தருக்கு அழுவுறத இன்னொருத்தருக்கு மாத்திக்க முடியாது" என்றார் வியாபாரி. வாலாஜா ரோடில் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "எதுக்கும் விசாரிச்சிக்கிட்டு அழுங்க" என்றார்.

புத்திசாலி அதைக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. பேரணாம்பட்டுக்குப் போக குடியாத்தத்தில் இறங்கி, நல்லதாக ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு மோட்டார் பஸ் ஏறினேன்.

பஸ்ஸின் கூரைமேல் உப்பிட்ட பச்சைத் தோல் கட்டுகள். வெயிலேற ஏற அவற்றிலிருந்து ஒழுகிய நீர் ஒரே இடத்தில்தான் சொட்டியது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பிரயாணிகளின் வண்டியில் பதனிடாத தோலை ஏற்றுவது முறையல்ல என்று கண்டக்டரிடம் சொன்னேன். "தோலு டிக்கெட் வாங்கிக்கீது சார்" என்றார். மேட்டில் இன்ஜின் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கையில் மாலையோடு தள்ளிய ஒரே ஆள் நான்தான். பேரணாம்பட்டில் இறங்கியபோது என் கறுப்புக் கோட்டிலிருந்து வந்த வாடைக்கு நாய்கள் மரியாதையாகப் பின்னால் வந்தன.

பெரியப்பாவின் பட்டைக் கிடங்கு தெருமுனை திரும்பினால் தெரியும். எங்கள் வழக்கப்படி, தூரத்திலிருந்து வருகிற சொந்தக்காரன் தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிட வேண்டும். சத்தமில்லாமல் வந்தால் பாசமில்லாதவன். "பெரியப்பா! என்னைப் பாக்காமப் போய்ட்டீங்களே!" என்று ஆரம்பித்தேன். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் மாலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி அழுதபடி நடந்தேன்.

"எவன்டா அது?" என்று ஒரு பெரிய குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். கையில் எடைக்கல்லோடு பெரியப்பா நின்றிருந்தார்.

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா உயிரோடிருந்தால் செத்தது மாமா. இந்த ஒரு கணக்குதான் எனக்குள் ஓடியது. செத்தவரை உயிரோடு பார்த்தவன் சந்தோஷப்பட வேண்டும். நானோ இழவுச் செய்தி அப்போதுதான் வந்த மாதிரி தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியப்பா, நீங்க இருக்கீங்களா?"

"ஏன்டா, இருக்கக் கூடாதா?"

பட்டை கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "பெரியவருக்கு மாலையே வந்துட்ச்சி!" என்றாள். கிடங்கே சிரித்தது.

பெரியப்பா சிரிக்கவில்லை. மாலையை வாங்கி மோந்து பார்த்தார். "குடியாத்தத்து மாலையா? வீணாக்காத, ஆம்பூருக்கு எடுத்துக்கோ. நீ நேரா அங்கயில்ல போயிருக்கணும்? நாளைக்கிக் கருமாதி. இங்க எதுக்குடா வந்த?"

"உங்களையும் கூட்டிட்டுப் போலாம்னு."

"எனக்கா வழி தெரியாது? அரிசி எடுத்துட்டுப் போவணும்னு காலைலதான் அங்கேருந்து வந்தேன். ஏறு வண்டியில."

அப்போதாவது "யார்?" என்று கேட்டிருக்கலாம். அவர் மாலையைப் பார்த்த பார்வைக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. அவர் முகத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. தம்பி செத்திருந்தால் தாடி வளர்த்திருப்பார். ஆனால் பெரியப்பா சாதாரண நாளிலேயே சவரத்தைத் தள்ளிப் போடுகிறவர்.

மாட்டு வண்டியில் அரிசி மூட்டை, பூசணிக்காய், வாழையிலைக் கட்டு, நாங்கள் இருவர். நான் தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"கடைசி நேரத்துல ஏதாச்சும் சொன்னாரா, பெரியப்பா?"

"தண்ணி கேட்டான். செம்ப எடுத்துட்டு வர்றதுக்குள்ள போய்ட்டான்."

இரண்டு பேருமே பெரியப்பாவுக்கு இளையவர்கள், இரண்டு பேருமே "அவன்"தான். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "தங்கமான மனுஷன்டா" என்றார்.

எனக்கு உறுதியாகிவிட்டது. சித்தப்பாவைப் பெரியப்பா ஒரு நாளும் தங்கம் என்று சொன்னதில்லை. தகரம் என்றுகூடச் சொன்னதில்லை. மாமாவைத்தான் சொல்கிறார். அப்புறம் நான் யாருக்கும் காட்டுவதற்காக அழவில்லை. வாழையிலைக் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வண்டி குலுங்கியதோ நான் குலுங்கினேனோ தெரியவில்லை. பெரியப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அவனுக்காடா இவ்ளோ அழுவுற?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். பட்டைத் தூள் ஒட்டிய கையால் என் முதுகைத் தட்டினார். பிறகு அவருக்கும் மூக்கு உறிஞ்சியது. "நான் அழலடா. இத்தினி நாளா அழல. நீ அழறதப் பாத்தா எனக்கும் வருது" என்று துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் ஆம்பூர் வந்தது. ஊருக்கு முன்னால் வாடை வந்தது. சுண்ணாம்பும் பட்டையும் ஊறும் தோலும் கலந்த வாடை. பினாங்கில் யாராவது எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் இதைத்தான் மறைப்பேன். அன்றைக்கு அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டேன். மாமா கூட்ஸ் ஷெட்டிலிருந்து வரும்போது அவர் சட்டையில் இந்த வாடைதான் அடிக்கும்.

தெருவை அடைத்துப் பந்தல். இந்தப் பக்கம் சித்தப்பா வீடு, அந்தப் பக்கம் மாமா வீடு. எந்த வீட்டுப் பந்தல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பந்தலுக்குள் புகை. புகைக்குள் ஒருவர் சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்: "உப்பு கம்மியா போடுன்னா கம்மியா போடு. நாளைக்கி நூறு பேரு திங்கணும்."

மாமா.

வண்டி நிற்பதற்குள் குதித்தேன். குதித்தவன் விழுந்தேன். விழுந்தவன் எழுந்து ஓடி அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். "மாமா, மாமா" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

"டேய் ஏகாம்பரம், மெதுவா. இன்னாடா சிரிக்கிற? ஊரு பாக்குதுடா" என்று மாமா என் காதில் சொன்னார். அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். எதிர் வீட்டு வாசலில் முனுசாமி எழுந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம், பல நாள் தாடி. அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா, என் சின்னம்மா.

சித்தப்பா. என் ஆராய்ச்சியில் முதலிலேயே நான் தள்ளிவிட்ட ஆள்.

அழ வேண்டிய இடம் அதுதான். என்னிடம் ஒரு சொட்டும் இல்லை. பெரியப்பாவுக்குக் கப்பலில் அழுதாயிற்று, மாமாவுக்கு வண்டியில் அழுதாயிற்று. நிஜமாகச் செத்தவர் வீட்டுக்கு முன்னால் காய்ந்த கண்ணோடு நின்றேன். ஆனால் வீங்கின கண். எல்லோரும் பார்த்தது அதைத்தான். பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கியவர் பெரிய குரலில் அறிவித்தார்: "வழியெல்லாம் அழுதுனு வந்தான். மாடே நின்னுட்ச்சி. தெருவுல சிரிக்கிறான், பாருங்க, துக்கம் தலைக்கேறிட்ச்சி புள்ளைக்கு."

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். யாரோ விசிறினார்கள். தோல் ஷாப்பிலிருந்து வந்து நின்றவர்களில் ஒருவர், "மேஸ்திரிக்கு அழ ஒரு ஆளு இருந்துக்கீதுப்பா" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கத்தில் மூடினேன். அதற்கும் "பாவம்" என்றார்கள்.

மறுநாள் பாலாற்றங்கரையில் சடங்கு. ஆறு என்றால் மணல். ஊற்று தோண்டித்தான் குளித்தோம். பங்காளி முறையில் நானும் மீசையை எடுக்க வேண்டும். பினாங்கில் மெழுகு தடவி, நுனி முறுக்கி, துரையே ஒருமுறை பாராட்டிய மீசை. நாவிதர் இரண்டு இழுப்பில் முடித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகத்துக்கு யாரும் லீவு கொடுக்க மாட்டார்கள்.

முனுசாமி மொட்டைத் தலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் கேட்டேன்.

"செத்தது உங்கப்பா. ஃபாதர்னு போடாம ஏன்டா அங்கிள்னு போட்டே?"

"உங்களுக்கு வர்ற தந்தி ஆச்சேண்ணே. ஃபாதர்னு போட்டா உங்கப்பா இன்னொரு தடவ செத்துட்டாருன்னு ஆயிடாதா?"

எடுத்துச் சொல்ல ஒரு குறையும் இல்லாத வாதம். தந்தி பெறுகிறவனின் உறவு முறையில்தான் எழுத வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். முனுசாமி மணலைக் கிளறிக்கொண்டே சொன்னான்:

"எனக்கு அழுகையே வரலண்ணே. கொள்ளி வெக்கும்போதுகூட வரல. எப்பப் பாத்தாலும் யாரோடயாச்சும் சண்ட. அம்மாவ அடிக்காத நாள்தான் எனக்கு ஞாபகம் இருக்குது, கொஞ்சமா இருந்ததால. நீங்க அவரோட பேசினதே இல்ல. உங்களுக்கு எப்பிடிண்ணே வந்துச்சி?"

எந்த ஆபீஸில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த எனக்கு அந்தக் கேள்விக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வெயில் ஏறுகிறது, எழுந்திரு என்றேன்.

லீவு தீரும் வரை அந்தத் தெருவில் என்னை உட்கார விடவில்லை. போகிற வீட்டிலெல்லாம் சாப்பாடு. "சித்தப்பன் மேல உசிரா இருந்த புள்ள" என்று அறிமுகம். மாமா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டே வேறு பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கும். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

கிளம்புகிற அன்று சின்னம்மா கப்பலில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வேறு யாரும் இல்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"உங்க மாமன்தான் போய்ட்டான்னு நெனச்சிக்கினு வந்தியா, நைனா?"

பொய் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "எப்ப தெரிஞ்சிது, சின்னம்மா?"

"மாமனக் கட்டிக்கினு சிரிச்சியே, அப்பவே. எம் புருசனுக்கு அழ வந்தவன் எதுக்கு எதுத்த ஊட்டுக்காரனப் பாத்து அப்பிடிச் சிரிக்கிறான்? ஊருக்குக் கண்ணு இல்ல. எனக்கு இருக்குது."

"அப்ப ஏன் சொல்லல? என்னைத் திட்டியிருக்கலாமே."

அவள் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். கை காய்த்திருந்தது.

"பொணம் எடுக்கறப்போ ஒருத்தரும் அழல. பெத்த புள்ள அழல. நானும் அழல, வரல. அப்பிடியே போயிட்டாரேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் அதேதான். அப்பறம் நீ வந்தே. இப்ப ஊரே சொல்லுது, மேஸ்திரிக்கு அழறதுக்குன்னே ஒருத்தன் கப்பலேறி வந்தான்னு. ஷாப்புல சொல்றாங்க, கொழாயடில சொல்றாங்க. அத நான் ஏன் கெடுத்துக்கணும்? நீ வாய மூடிக்கினு போயி உன் உத்தியோகத்தப் பாரு."

சின்னம்மா இருந்த வரைக்கும் அப்படியே செய்தேன்.